இரண்டு அரசாங்கமும் ஒப்புக்கொண்ட ஒருத்தி

எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்குள் இரண்டு அரசாங்கம் குடியிருக்கிறது. கீழ்த்தளம் பச்சை, மேல்தளம் மஞ்சள். கீழே இருப்பவன் அபூ பரா. காஸா அரசாங்கத்தின் ஹஜ் அலுவலகத்தில் அதிகாரி. மேலே இருப்பவன் அவனுடைய கூடப்பிறந்த தம்பி நாஹித். ரமல்லா அரசாங்கத்தின் ஹஜ் அலுவலகத்தில் அதிகாரி. இரண்டு பேரையும் பெற்றவள் நல்லவேளையாக முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நடந்த சண்டையில் பச்சைக்கொடிக்காரர்கள் சில நாட்களிலேயே காஸாவைப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள்கொடிக்காரர்கள் ரமல்லாவில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள்தான் அசல் அரசாங்கம் என்றார்கள். தேர்தலில் ஜெயித்தவர்கள் நாங்கள், நாங்கள்தான் அசல் என்றார்கள் இவர்கள். அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு பிரதமர், இரண்டு மந்திரிசபை, ஒருவர் தீர்ப்பை இன்னொருவர் கிழிக்கிற இரண்டு கூட்டம் நீதிபதிகள். மின்சாரம் மட்டும் பாதி.

காஸாவில் இருந்த தன் ஊழியர்களை ரமல்லா வீட்டிலேயே இருக்கச் சொன்னது. பச்சைக்காரனுக்குக் கீழே வேலை பார்த்தால் சம்பளம் நின்றுபோகும் என்றது. அதனால் நாஹித் பைஜாமாவோடு மாடியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, வேலை செய்யாததற்குச் சம்பளம் வாங்குகிறான். அவனுடைய காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தவன் அவன் அண்ணன். அவன் வேலை தெரியாததற்குச் சம்பளம் வாங்குகிறான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஜெனரேட்டர் ஒன்றுதான். கீழே ஓடினால் மேலே விளக்கு எரியும். அந்த வயரை வெட்டுகிற அளவுக்கு இரண்டு பேருக்குமே கொள்கைப்பிடிப்பு கிடையாது.

நான் ரஜப். கான் யூனிஸ் ஊரில் சுவரில் எழுதுகிறவன். கல்யாண வாழ்த்து, செத்தவர்களின் பெயர், ஹஜ்ஜுக்குப் போனவர் வீட்டுச் சுவரில் மக்காவின் கஅபா படம், கட்சிக் கோஷம், எது கேட்டாலும் எழுதுவேன். சண்டை நடந்த வாரத்தில் மஞ்சள்காரர்களுக்காக 'துரோகிகள் ஒழிக' என்று ஒரு சுவரில் எழுதினேன். மூன்றாம் நாள் பச்சைக்காரர்கள் வந்து அதே சுவரில் அதே வாக்கியத்தைக் கேட்டார்கள். புதிதாக எழுதவில்லை. பழைய எழுத்தின் மேலேயே பச்சை அடித்துக் கொடுத்தேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான். அவர்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

இவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. நானும் என் அக்கா இன்ஷிராஹும் இருக்கிறோம். அவளுக்கு அறுபத்து நாலு வயது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். எங்கள் ஊரில் வயதான பெண்களை எல்லாரும் மரியாதைக்கு 'ஹாஜ்ஜா' என்றுதான் கூப்பிடுவார்கள், மக்காவுக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும். அக்காவிடம் அது நடக்காது. தக்காளிக்காரன் ஒருநாள், "ஹாஜ்ஜா, இதைப் பாருங்க, இன்னிக்குப் பறிச்சது" என்றான்.

"நான் எங்கடா போனேன், ஹாஜ்ஜான்னு கூப்பிடறே?" என்றாள். "கடைத்தெருவுக்கு வந்தா ஹஜ்ஜா? போயிட்டு வந்தப்புறம் கூப்பிடு. அதுவரைக்கும் என் பேரு இன்ஷிராஹ்."

அவளுக்கு இடது கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். வலது கண்ணுக்கு டாக்டர் ஒரு வருடம் கெடு கொடுத்திருந்தார். அதுவும் சொட்டு மருந்து ஒழுங்காகக் கிடைத்தால். எகிப்திலிருந்து சுரங்கத்தின் வழியாகச் சிப்ஸ் பாக்கெட் ஒழுங்காக வரும், சொட்டு மருந்து வராது.

"கஅபாவை முதல்தடவை கண்ணால பார்க்கும்போது கேக்கிற துஆ வீண்போகாதாம்டா" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். "பார்க்கணும்ல? கண்ணு போனப்புறம் போனா, எதைப் பார்த்துக் கேக்கிறது?"

என்ன கேட்கப்போகிறாள் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ரமலானுக்கு முன்பே கீழ்வீட்டு அபூ பராவிடம் பெயரைப் பதிந்தாள். "நம்ம அரசாங்கத்தில பதிஞ்சிட்டீங்க இல்ல, கவலையை விடுங்க" என்றான் அவன். குலுக்கலில் பெயர் வந்தது. அனுமதிச் சீட்டும் வந்தது, முத்திரையோடு. தெருவே வந்து வாழ்த்தியது. பத்து நாள் கழித்து ஒரு சேதி வந்தது. சவூதிக்காரர்கள் ரமல்லாவிலிருந்து வருகிற பட்டியலுக்குத்தான் விசா கொடுப்பார்களாம். காஸா பட்டியலை வைத்துக்கொண்டு வேண்டுமானால் மீன் மடிக்கலாம்.

அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "மேல்வீட்டிலயும் பதிஞ்சு வச்சிடுவோம் அக்கா" என்றேன்.

"ரெண்டு பேர்கிட்டயுமா? தப்பில்லையாடா?"

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருந்துக்குவோம்."

"இதுல எதுடா ஆறு?"

"ரெண்டுமே சேறுதான். வேற வழி இருக்கா?"

அபூ பரா அலுவலகம் போயிருந்த நேரம் பார்த்து அவன் வீட்டு மாடிப்படியில் ஏறினோம். நாஹித் முத்திரையைச் சமையலறைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தான். அதை எடுத்துத் துடைத்தபோது அவன் முகத்தில் மந்திரிக்களை வந்தது. "சட்டபூர்வமான அரசாங்கத்துக்கு வந்திருக்கீங்க" என்றான். பைஜாமாவின் முழங்காலில் ஒட்டுப்போட்டிருந்தது. சட்டபூர்வமான அரசாங்கம் எங்களுக்குத் தேநீர் கொடுத்தது, சர்க்கரையில் முத்திரை மை வாடை அடித்தது. கிளம்பும்போது, "கீழே சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியது.

அங்கேயும் பெயர் வந்துவிட்டது. பாஸ்போர்ட் எப்படியோ ரமல்லாவுக்குப் போய் விசாவோடு திரும்பியும் வந்தது. அக்கா பாஸ்போர்ட்டை வலது கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து விசாவைப் பார்த்தாள். பிறகு முத்தமிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் வீட்டுச் சுவரில் படம் வரைந்து வைப்பது வழக்கம். அக்கா போவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். அவள் கண் தெரியும்போதே பார்க்கட்டும் என்றுதான். கறுப்பில் கஅபா, அதில் தங்கப் பட்டை, பக்கத்தில் மதீனாப் பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம், மேலே ஒரு விமானம். கீழே நின்று அபூ பரா தாடியைத் தடவினான்.

"என்ன ரஜப், நடுவில மஞ்சள் அடிச்சிருக்கே?"

"கஅபா திரையில தங்க ஜரிகை இருக்குல்ல. தங்கத்துக்கு வேற என்ன அடிக்கிறது?"

"அதுக்காக இவ்வளவு மஞ்சளா? கொஞ்சம் ஒல்லியாப் போடேன்."

அவன் உள்ளே போனதும் மாடியிலிருந்து நாஹித் எட்டிப்பார்த்தான். "குவிமாடம் ரொம்பப் பச்சையா இல்ல?"

"யோவ், பேரே பச்சைக் குவிமாடம்தான்யா."

"தெரியும். இருந்தாலும் பார்க்கிறவன் தப்பா நினைச்சுக்குவான் பாரு."

ஆயிரத்து நானூறு வருட மார்க்கத்தில் இந்த இரண்டு மேதைகளுக்கும் கண்ணில் பட்டது இரண்டு டப்பா பெயின்ட். நான் எதையும் மாற்றவில்லை.

படத்துக்குக் கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படம் போடு. பட்டம் போடாதே. வந்தப்புறம் எழுதலாம்." சரி என்றேன். ஆனால் அவள் பஸ் ஏறப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும், மனசு கேட்காமல் 'ஹாஜ்ஜா இன்ஷிராஹ்' என்று முழ உயரத்துக்கு எழுதிவிட்டு, கையில் பெயின்ட் காய்வதற்குள் ஓடிப்போய் அவளோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். எகிப்துக்குள் போகிற ரஃபா எல்லை வரை வழியனுப்ப விடுவார்கள்.

பஸ்ஸில் நாற்பத்திரண்டு பெண்கள், எல்லாருமே ரமல்லா பட்டியல். வழிநெடுகக் குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லைக் கேட்டுக்கு அரை மைல் முன்னால் பச்சைப் போலீஸ் பஸ்ஸை மறித்தது. ஓர் அதிகாரி உள்ளே ஏறி, "ரமல்லா லிஸ்ட்ல இருக்கிறவங்க யாரும் போக முடியாது. அது திருட்டு லிஸ்ட். பஸ் திரும்பட்டும்" என்றான்.

பெண்கள் கத்தினார்கள், அழுதார்கள். ஒருத்தி அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். அக்கா மட்டும் எழுந்து, மடியிலிருந்து காஸா அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். "எங்கிட்ட உங்க சீட்டும் இருக்கு தம்பி."

அதிகாரி ஒரு கையில் சீட்டையும் மறு கையில் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு விழித்தான். காஸா பட்டியல்காரர்களிடம் சீட்டு இருந்தது, விசா இல்லை. ரமல்லா பட்டியல்காரர்களிடம் விசா இருந்தது, சீட்டு இல்லை. இரண்டும் உள்ள ஒருத்தியை அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் அபூ பரா காரில் வந்து இறங்கினான்.

"அக்கா, நீங்களுமா? என் வீட்டு மாடிப்படி ஏறியா..." சண்டை நடந்த வாரத்தில் சொந்தத் தம்பியைச் சுடச் சொன்னவன், மாடிப்படிக்காகப் பதறினான்.

"உன் வீட்டு மாடிப்படிதானே தம்பி. இஸ்ரேல்காரன் வீட்டுப் படியா?"

அவன் அதிகாரியோடு தள்ளிப்போய்க் குசுகுசுத்தான். பிறகு போலீஸ் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து ஒரு காகிதம் எழுதினான். ரமல்லா பட்டியல் மோசடியானது, காஸா அரசாங்கமே சட்டபூர்வமானது, இதை நான் மனமார ஏற்கிறேன் என்று இருந்தது. "இதில கையெழுத்துப் போடுங்க. உங்களை மட்டும் விடச் சொல்றேன்."

"குடு" என்றாள் அக்கா. "நான் கழுதைக்குப் பொறந்தவள்னு எழுதினாலும் போடறேன். அந்தக் கேட்டைத் திற."

மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து, கோடு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அபூ பரா முத்திரை குத்தினான். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "நீங்க போகலாம். மத்தவங்க திரும்பணும்" என்றான்.

பெண்கள் குழுவுக்குத் தலைவியாக வந்திருந்த சுஹைலா டீச்சர்தான் அப்போது வாயைத் திறந்தாள். "எப்படிப் போவாங்க? இது குழு விசா. நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து போகணும். ஒத்தைப் பொம்பளையா அந்தப் பக்கம் யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

எல்லாரும் அபூ பராவைப் பார்த்தோம். அவன் கைகளை விரித்தான். "அது எங்க பிரச்சனை இல்லை. நாங்க அனுமதி கொடுத்தாச்சு."

நான் நாஹித்துக்குப் போன் போட்டேன். பின்னணியில் விதை கொறிக்கிற சத்தம் கேட்டது. "நாங்க விசா வாங்கிக் கொடுத்தாச்சு ரஜப். அனுப்பாதது அவங்க. எங்க மேல தப்பு இல்லை."

எவன் மேலும் தப்பு இல்லை. பிறந்ததிலிருந்து எவன் மேலும் தப்பு இல்லை. இந்த நாட்டில் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே ஆள் என் அக்கா. அவளும் போக முடியாது.

அக்கா ரோட்டில் நின்று எல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, அந்தத் திசைதான் தெரிந்திருக்கும். பிறகு தானாகவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாள். எனக்கு அங்கேயே யாரையாவது கொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரை என்பதில்தான் குழப்பம்.

வீட்டு வாசலில் இறங்கியபோது சாயங்காலம். சுவரில் நான் எழுதியதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் பச்சை ரேடியோவில் அவளுடைய காகிதத்தைப் படித்தார்கள். 'ரமல்லாவின் மோசடியை அம்பலப்படுத்திய வீரத்தாய்' என்றார்கள். அதற்கடுத்த நாள் மஞ்சள் டிவியில் அவள் 'கொள்ளைக்கும்பல் வழிமறித்த புனிதப் பயணி'. இரண்டு பேருமே ஹாஜ்ஜா இன்ஷிராஹ் என்றுதான் சொன்னார்கள். ஹாஜிகள் மக்காவுக்கு வெளியே அரஃபா மைதானத்தில் கூடிய அன்று அதிசயமாகக் கரன்ட் இருந்தது. டிவியைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா. மிச்சமிருக்கிற கண்ணை எதுக்கு அந்தப் பெட்டியில செலவழிக்கணும்?"

மறுநாள் பெருநாள். அந்த வருடம் ஆடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு மாடுதான் வந்தது. ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேர்ந்து குர்பானி கொடுக்கலாம் என்பது மார்க்கத்தில் உள்ளது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அபூ பராவும் நாஹித்தும். மாட்டில் இருக்கிற ஒற்றுமை நாட்டில் இல்லை. கசாப்புக்காரர் பங்கு பிரித்தபோது ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கறியை மட்டும் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

பெருநாள் கறியில் அண்டைவீட்டாருக்குப் பங்கு உண்டு. தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் இருவரும் கறியோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஒருவன் கிளம்பியது இன்னொருவனுக்குத் தெரியாது. வாசலில் மோதிக்கொண்டார்கள். திரும்பிப் போனால் மற்றவன் ஜெயித்ததாக ஆகிவிடுமே, அதனால் இரண்டு பேரும் நின்றார்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரி கறுப்புப் பை.

அக்கா வாசலுக்கு வந்தாள்.

"பெருநாள் வாழ்த்துகள், ஹாஜ்ஜா இன்ஷிராஹ்" என்றான் அபூ பரா. "எங்களைப் பொறுத்தவரை நீங்க ஹஜ் செஞ்ச மாதிரிதான். எங்க பதிவேட்டில உங்க பேருக்கு நேரா 'அனுமதிக்கப்பட்டவர்'னு இருக்கு."

"எங்க பதிவேட்டில 'அனுப்பப்பட்டவர்'னே இருக்கு ஹாஜ்ஜா" என்றான் நாஹித், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா கையை நீட்டி இரண்டு பையையும் வாங்கினாள். தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாடுதானே?"

"ஆமா" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். ஒன்றரை வருடத்தில் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை. சொன்னதும் இருவருக்கும் முகம் சுண்டிப்போனது.

"இப்பப் பேசினது யாருடா? வெளிச்சத்துக்கு எதிரே நிக்கிறீங்க. எனக்கு ஒத்த நிழலாத்தான் தெரியுது."

"நான் அபூ பரா அக்கா."

"நான் நாஹித்."

"இருக்கட்டும். பிரிச்சுப் பார்த்து எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை."

அபூ பரா கனைத்துக்கொண்டான். "அடுத்த வருஷம் லிஸ்ட்ல முதல் பேரே உங்க பேர்தான். வாக்குக் குடுக்கறேன்."

"எங்க லிஸ்ட்லயும்" என்றான் நாஹித் அவசரமாக.

"அடுத்த வருஷம் எந்தக் கண்ணோட போறது?" என்று கேட்டாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லுங்களேன். யார்கிட்ட பதியணும் கண்ணுக்கு? மேலேயா, கீழேயா?"

அக்கா பையை என்னிடம் கொடுத்தாள்.

"இன்னொண்ணு. ஹாஜ்ஜான்னு கூப்பிடாதீங்க. நான் ரஃபா ரோட்டோட திரும்பி வந்தவ. போகாத இடத்துக்குப் போனதாப் பேரு வச்சுக்கிட்டுத் திரிய நான் என்ன மந்திரியா?"

நாஹித்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, அண்ணனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். அபூ பராவும் தம்பியைத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டினான். ஒரு நொடி கழித்துத்தான் இருவருக்கும் உறைத்தது. அவர்களுடைய மூளைக்கு அது வேகம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன ஒரு கிழவர், "சுவத்துல எழுத்து ஜோரா இருக்கு ரஜப்! ஹாஜ்ஜா இன்ஷிராஹ்!" என்று உரக்கப் படித்துவிட்டுப் போனார்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "எழுதிட்டியாடா?"

"அன்னிக்குக் காலையில... நீ திரும்பி வரும்போது இருக்கணும்னு..."

"அழி."

"வெள்ளைப் பெயின்ட் தீர்ந்துபோச்சு அக்கா. மஞ்சளும் பச்சையும்தான் இருக்கு."

"அந்த ரெண்டும் வேணாம். சுரண்டு."

"படத்தையுமா?"

"படம் இருக்கட்டும். கஅபா அங்க நிஜமாவே இருக்கு. இந்தப் பட்டம்தான் பொய்."

உள்ளே போய்ச் சுரண்டியை எடுத்து வந்தேன். அண்ணனும் தம்பியும் போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றார்கள். பெயின்ட் காய்ந்து இறுகியிருந்தது. சுண்ணாம்போடு சேர்ந்து செதில் செதிலாக உதிர்ந்து அவர்களுடைய பெருநாள் செருப்பில் விழுந்தது.

பதினெட்டு வருடமாகச் சுவரிலும் துணியிலும் பட்டம் எழுதுகிறேன். தளபதி, மந்திரி, தலைமை நீதிபதி, மாண்புமிகு பிரதமர், இரண்டு பக்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். அதில் பாதிக்குமேல் பொய் என்று எனக்கும் தெரியும், எழுதச் சொன்னவனுக்கும் தெரியும். இன்றுவரை ஒருவன்கூட வந்து அதை அழி என்று சொன்னதில்லை.

முடித்துவிட்டேன் என்று நினைத்துச் சுரண்டியைக் கீழே வைத்தேன். அக்கா சுவரில் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே வந்து, வலது கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு விரலால் தடவிப் பார்த்தாள். கஅபா முழுசாக இருந்தது. இன்ஷிராஹ் இருந்தாள்.

"இங்க ஒரு எழுத்து இன்னும் கையில தட்டுப்படுதுடா" என்றாள். "நல்லாச் சுரண்டு."